ஒரு பாடல் சுவரை இடித்ததா? ராக் ஆவணப்படங்கள் சொல்லும் வரலாறும் சொல்லாமல் விடுவதும்

ராக் இசையின் வரலாற்றைச் சொல்லும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். பெர்லின் நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்து வைத்திருந்த பெர்லின் சுவரின் மேல் இளைஞர்கள் ஏறி நிற்பார்கள். சுத்தியல்கள் கான்கிரீட்டில் இறங்கும். பின்னணியில் மெல்லிய விசில் ஒன்று எழும். ஜெர்மனியின் ஸ்கார்பியன்ஸ் குழு பாடிய ‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’ அது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கோலாலம்பூரில் வளர்ந்தவர்களுக்கு அந்த விசிலை அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. கேசட்டில் கேட்டது, பாசார் மாலாம் ஒலிபெருக்கியில் கேட்டது, புக்கிட் பிந்தாங்கில் கித்தாரோடு நிற்பவர்கள் இன்றும் பாடுவது.

நிகழ்ச்சி முடியும்போது ஒரே ஒரு எண்ணம் மனதில் தங்கிவிடுகிறது: இந்தப் பாடல்தான் சுவரை வீழ்த்தியது. வாய்விட்டு யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் படத்தையும் பாட்டையும் ஒட்டிய விதம் அதைத்தான் சொல்கிறது. மாமாக் கடை மேசையில் அதுவே வரலாறாகவும் பேசப்படுகிறது. அது சரியா என்று பார்க்க மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: என்ன நடந்தது எப்போது நடந்தது, ‘முக்கியமான குழு’ என்றால் என்ன பொருள், ஆவணப்படம் எப்படித் தயாராகிறது.

தேதிகளை வரிசையாக வைத்தால்

1. 1988 ஏப்ரல்: ஸ்கார்பியன்ஸ் குழு சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராட் நகரில் பத்துக் கச்சேரிகள் நடத்தியது.

2. 1989 ஜூன் 4: போலந்தில் ஓரளவுக்குச் சுதந்திரமான தேர்தல். கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்த சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கம் பெரும் வெற்றி பெற்றது.

3. 1989 ஆகஸ்ட் 12, 13: மாஸ்கோவின் லெனின் மைதானத்தில் பெரிய ராக் விழா. பான் ஜோவி, ஓசி ஆஸ்போர்ன், மாட்லி க்ரூ ஆகியோருடன் ஸ்கார்பியன்ஸும் மேடையேறியது. அங்கே கண்டதுதான் பாடகர் கிளாவுஸ் மைனுக்குப் பாடலின் விதை.

4. 1989 செப்டம்பர் 11: ஹங்கேரி தன் ஆஸ்திரிய எல்லையைக் கிழக்கு ஜெர்மானியர்களுக்குத் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் மேற்கே போனார்கள்.

5. 1989 அக்டோபர் 9: கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆட்சியை எதிர்த்து ஏறத்தாழ 70,000 பேர் ஊர்வலம் போனார்கள். படைகள் சுடவில்லை.

6. 1989 நவம்பர் 9: கிழக்கு ஜெர்மன் ஆட்சியின் பேச்சாளர் குண்டர் ஷபோவ்ஸ்கி, புதிய பயண விதி உடனே நடைமுறைக்கு வருகிறது என்று செய்தியாளர் கூட்டத்தில் தவறாகச் சொல்லிவிட்டார். கூட்டம் சோதனைச் சாவடிகளுக்குத் திரண்டது. அன்றிரவே வழி திறந்தது.

7. 1990 அக்டோபர் 3: இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின.

8. 1990 நவம்பர்: ‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’ இடம்பெற்ற ‘கிரேஸி வேர்ல்ட்’ ஆல்பம் வெளிவந்தது. தனிப்பாடலாக வந்தது 1991 தொடக்கத்தில்.

அதாவது சுவர் திறந்து ஒரு வருடம் ஆகி, நாடே ஒன்றாகி ஒரு மாதமும் கழிந்த பிறகுதான் பாடல் மக்கள் கைக்கு வந்தது. சுவரேறிய இளைஞர்களில் ஒருவர்கூட அப்போது அதைக் கேட்டிருக்க முடியாது. பாடலுக்கு எடுத்த வீடியோவிலேயே சுவர் இடிபடும் காட்சிகள் சேர்க்கப்பட்டதால் இரண்டும் நம் நினைவில் ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது பாடல் ஐரோப்பா முழுவதும் ஒலித்துக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் ஒலித்துக்கொண்டிருந்தது வேறு, காரணமாக இருந்தது வேறு. 2020-இல் வந்த ஓர் ஒலித்தொடர் இதைவிட ஒரு படி மேலே போய், இந்தப் பாடலை எழுதியதே அமெரிக்க உளவு நிறுவனம்தானோ என்று எட்டுப் பகுதிகளில் ஆராய்ந்தது. உறுதியான சான்று எதுவும் கிடைக்கவில்லை, மைனும் மறுத்தார். ஆனால் அந்த வதந்திக்கு அடியிலும் இதே நம்பிக்கைதான் இருக்கிறது: ஒரு பாடலால் பேரரசு சாயும்.

சுவரை வீழ்த்திய பெருமை கொடுக்கப்படுபவர்கள் இன்னும் சிலர் உண்டு. பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் பௌயி 1987 ஜூனில் மேற்கு பெர்லினில் சுவருக்கு அருகே பாடினார், மறுபக்கத்தில் கேட்க வந்த இளைஞர்கள் போலீசாரோடு மோதினார்கள். 2016-இல் அவர் இறந்தபோது சுவரை வீழ்த்த உதவியதற்காக ஜெர்மன் வெளியுறவு அமைச்சே நன்றி தெரிவித்தது. அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1988 ஜூலையில் கிழக்கு பெர்லினிலேயே லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன் பாடினார். அமெரிக்க நடிகரும் பாடகருமான டேவிட் ஹாசல்ஹாஃப் 1989-இன் கடைசி இரவில் சுவருக்கு மேலே கிரேன் கூடையில் நின்று பாடினார், அப்போது எல்லை திறந்து ஏழு வாரம் ஆகிவிட்டது. ஒவ்வொருவரின் படத்திலும் அவரவர்தான் நடு நாயகம். லைப்சிக்கில் சுடப்படலாம் என்று தெரிந்தே தெருவில் நடந்த அந்த 70,000 பேருக்கு எந்த ராக் படத்திலும் சில நொடிகளுக்கு மேல் இடமில்லை. என்னை உறுத்துவது இதுதான். ஒரு குழுவை அளவுக்கு மேல் உயர்த்தும்போது, அந்த உயரம் வேறு யாரிடமிருந்தோ எடுக்கப்படுகிறது.

புகழ், செல்வாக்கு, வரலாற்றில் இடம்

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

1. புகழ் என்பது எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பிரதிகள் விற்றன என்பது. எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

2. செல்வாக்கு என்பது பின்னால் வந்த கலைஞர்கள் இவர்களைக் கேட்டதால் எதை மாற்றிச் செய்தார்கள் என்பது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போன சங்கிலியைக் காட்ட வேண்டும்.

3. வரலாற்றில் இடம் என்பது, இவர்கள் இல்லாமலே போயிருந்தால் இசைக்கு வெளியே உலகம் வேறு மாதிரி ஆகியிருக்குமா என்ற கேள்விக்கான பதில். பெரும்பாலான குழுக்களுக்கு இதற்கு ‘இல்லை’ என்றே பதில் வரும். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

ஆவணப்படங்கள் முதலாவதைக் காட்டி மூன்றாவதை நம்பவைக்கின்றன. நிரம்பிய மைதானத்தைக் காட்டுவார்கள், ஒரு குரல் ‘எல்லாம் மாறிப்போனது’ என்னும். என்ன மாறியது, யாருக்கு மாறியது என்று சொல்ல மாட்டார்கள்.

புகழும் செல்வாக்கும் எவ்வளவு விலகி நிற்கும் என்பதற்கு அதே ஜெர்மனியிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. டுசெல்டார்ஃபின் கிராஃப்ட்வெர்க் குழுவுக்கு ஸ்கார்பியன்ஸ் அளவுக்கு மைதானம் நிறையும் கூட்டம் இருந்ததில்லை. மின்னணுக் கருவிகளோடு விறைப்பாக நின்று வாசித்த குழு அது. 1977-இல் வந்த அவர்களின் ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ மெட்டை 1982-இல் நியூயார்க்கின் ஆஃப்ரிகா பம்பாட்டா ‘பிளானட் ராக்’ பாடலில் பயன்படுத்தினார். ஹிப்-ஹாப் இயந்திரத் தாளத்தின் பக்கம் திரும்பியதில் அந்தப் பாடலுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த ஹிப்-ஹாப் வளர்ந்து கோலாலம்பூருக்கு வந்தபோது பொயட்டிக் அம்மோ என்ற மலேசியக் குழு பல மொழிகளில் ராப் பாடியது. அதிலிருந்து வந்த யோகி பி, 2006-இல் நட்சத்ரா குழுவோடு ‘வல்லவன்’ ஆல்பத்தை வெளியிட்டார். 1980-இல் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா இசையமைத்த ‘மடை திறந்து’ அதில் ராப் பாடலாக மறுபிறவி எடுத்தது. டுசெல்டார்ஃபிலிருந்து நம் ஊர்த் தமிழ் ராப்புக்கு நேர்க்கோடு போட முடியாது, நடுவே நூறு கைகள் இருக்கின்றன. ஆனாலும் ஓர் இழை ஓடுகிறது, ஒவ்வொரு கண்ணியையும் பெயரோடு சொல்ல முடிகிறது. செல்வாக்கு என்றால் இப்படித் தொட்டுக் காட்ட முடிய வேண்டும்.

படம் ஏன் ஊதிப் பெருக்குகிறது

தயாரிப்பாளர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ராக் ஆவணப்படம் தயாராகும் முறையிலேயே அந்தச் சாய்வு இருக்கிறது.

முதல் காரணம் பாடல் உரிமை. இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது, பார்வையாளர்கள் அதிகம் அறியாததும் இதுதான். ஒரு பாடலைப் படத்தில் சேர்க்க இரண்டு அனுமதிகள் வேண்டும். பாடலின் வரியும் மெட்டும் ஓர் உரிமை, அது எழுதியவரிடமோ அவருடைய பதிப்பாளரிடமோ இருக்கும். அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு இன்னோர் உரிமை, அது பெரும்பாலும் பதிவு நிறுவனத்திடம் இருக்கும். இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டாலும் பாடலை அப்படியே சேர்க்க முடியாது. பௌயியைப் பற்றி 2020-இல் ‘ஸ்டார்டஸ்ட்’ என்ற கதைப்படம் வந்தது. குடும்பத்தார் ஒப்புதல் தராததால் அதில் பௌயியின் பாடல் ஒன்றுகூட இல்லை. பாட்டில்லாத இசைப்படத்தை யார் விரும்பிப் பார்ப்பார்கள்? அதனால் தயாரிப்பாளர் குழுவோடு ஒத்துப்போகிறார். ஒத்துப்போனால் பாட்டு கிடைக்கும், பழைய வீடியோ கிடைக்கும், பேட்டி கிடைக்கும். குழுவுக்குப் பிடிக்காத கேள்விகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

சில வேளைகளில் குழுவே படம் எடுத்துவிடும். 1995-இல் தொலைக்காட்சியில் வந்த ‘தி பீட்டில்ஸ் ஆந்தாலஜி’ தொடரைத் தயாரித்தது பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிள் கோர்ப்ஸ். தொடர் ஒளிபரப்பான அதே மாதத்தில் அதே பெயரில் இசைத்தட்டும் கடைக்கு வந்தது. அருமையான தொடர்தான், நிறைய அரிய பதிவுகள் அதில் உண்டு. ஆனால் அது ஒரு குழு தன்னைப் பற்றித் தானே சொன்ன வரலாறு என்பதை மனதில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது காரணம், யார் பேசுகிறார்கள் என்பது. குழு உறுப்பினர், மேலாளர், ஒலிப்பதிவாளர், வாழ்நாள் ரசிகர், பிறகு பேர்பெற்ற இளைய கலைஞர் ஒருவர். இவர்களில் யாருக்கும் ‘இந்தக் குழு அவ்வளவு முக்கியமில்லை’ என்று சொல்லும் நிலை இல்லை. அதே காலத்தில் அதே ஊரில் வாசித்த போட்டிக் குழுக்காரரைக் கூப்பிட்டிருந்தால் படம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

மூன்றாவது, கையில் இருக்கும் காட்சித் துண்டுகள். கேமரா எதைப் பிடித்ததோ அதுதான் கதையாகும். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளையும் பெண்ணும் மணிக்கணக்காக வருவார்கள், விடிய விடிய பந்திக்குச் சமைத்தவர் ஒரு நொடிகூட வரமாட்டார். வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வீடியோவை மட்டும் பார்த்துக் கல்யாணம் எப்படி நடந்தது என்று எழுதினால் தப்பாகத்தான் எழுதுவோம்.

கடைசியாக, நேரம். ஒரு மணி நேரப் படத்துக்கு ஏற்றமும் இறக்கமும் திருப்பமும் தேவை. ‘இந்தக் குழு நல்ல பாடல்கள் தந்தது, பலர் ரசித்தார்கள், பிறகு ரசனை மாறியது’ என்ற உண்மையை வைத்துத் தொலைக்காட்சி நிலையத்திடம் காசு வாங்க முடியாது.

ஒரு பொய்கூடச் சொல்லாமல் திசைதிருப்பலாம்

ஆஸ்கார் வாங்கிய ‘சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்’ ஆவணப்படம் ராக் குழுவைப் பற்றியதல்ல, டெட்ராய்ட் பாடகர் ரொட்ரிகெஸைப் பற்றியது. ஆனால் நமக்கு இங்கே நன்றாக உதவும். 1970-களின் தொடக்கத்தில் அவருடைய இரண்டு ஆல்பங்கள் அமெரிக்காவில் எடுபடவில்லை, தென்னாப்பிரிக்காவிலோ அவருக்கே தெரியாமல் பெரும் புகழ் வந்தது என்பது கதை. அதில் சொல்வது உண்மை. ஆனால் 1979-லும் 1981-லும் அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் கச்சேரி செய்ததை 2012-இல் வந்த அந்தப் படம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், உலகமே மறந்த மனிதர் என்ற கதை நிற்காது. மிகைப்படுத்த எதையும் கூட்ட வேண்டியதில்லை, ஒன்றைக் கழித்தாலே போதும்.

ஸ்கார்பியன்ஸின் உண்மையான இடம் எது?

சுவர்க் கதையைத் தள்ளிவைத்தால் அந்தக் குழுவிடம் மிச்சம் எதுவும் இல்லையா? நிறைய இருக்கிறது. ஊதிப் பெருக்கிய கதையால் மறைந்துபோனவை அவைதான்.

ருடால்ஃப் ஷென்கர் 1965-இல் ஹானோவரில் தொடங்கிய குழு இது. ஹார்ட் ராக் என்றால் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் என்றிருந்த காலத்தில், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒரு குழு ஆங்கிலத்திலேயே பாடி உலக மேடையில் நின்றது. ருடால்ஃபின் தம்பி மைக்கேல் 1973-இல் பிரிட்டனின் யூ.எஃப்.ஓ. குழுவுக்குப் போனார். அவருடைய கித்தார் வாசிப்பைத் தன் முன்மாதிரியாக அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிக்காவின் கிர்க் ஹேமட் சொல்லி வருகிறார். மைக்கேலுக்குப் பின் வந்த ஊலி ஜான் ராத், மேற்கத்திய செவ்வியல் இசையின் ஓட்டங்களை ராக் கித்தாரில் கொண்டுவந்தவர்களில் ஒருவர். அந்தப் பாதையில் பிற்பாடு ஸ்வீடன் கித்தார்க் கலைஞர் இங்வி மால்ம்ஸ்டீன் வெகுதூரம் போனார். இவையெல்லாம் தொட்டுக் காட்டக்கூடிய சங்கிலிகள். எழுபதுகளின் இந்தச் செய்திகளுக்குப் பெரும்பாலான நிகழ்ச்சிகளில் நேரம் கிடைப்பதில்லை, விசிலும் சுத்தியலும் முழு இடத்தையும் எடுத்துக்கொள்கின்றன.

‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’ பாடலுக்கும் உரிய இடம் உண்டு. அது நிகழ்வை உண்டாக்கவில்லை, நடந்து முடிந்ததை மக்கள் நினைவுகூர ஒரு மெட்டைக் கொடுத்தது. ஒரு தலைமுறை தன் மகிழ்ச்சியை எந்தப் பாட்டில் வைத்துப் பாதுகாத்தது என்பதும் வரலாறுதான். 2022-இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு, ரஷ்யாவை இனிமையாக நினைவுகூரும் தொடக்க வரிகளை மாற்றியே குழு மேடையில் பாடியது. அந்தப் பாடலின் கனத்தைக் குழுவினர் எவ்வளவு உணர்ந்திருக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

நம் நாட்டுக்கு வருவோம்

சரி, இதெல்லாம் ஐரோப்பாவின் கதை, நமக்கென்ன? மலேசிய ராக் பற்றிப் பேசும்போதும் இதே கண்ணாடியைத்தான் மாட்டிக்கொள்கிறோம்.

எண்பதுகளின் ‘ராக் கப்பாக்’ என்ற மலாய் ஹார்ட் ராக் அலையில் சர்ச் (Search), விங்ஸ் (Wings) ஆகிய இரண்டு குழுக்களும் முன்னணியில் நின்றன. சர்ச் பாடிய ‘இசபெல்லா’ இந்தோனேசியா வரை போனது. 1992-இல் அப்போதைய தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட் காலத்தில், நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களுக்கு அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம். கதவை அடைத்தது. சர்ச் பாடகர் ஏமியும் விங்ஸ் பாடகர் அவியும் பகிரங்கமாக முடி வெட்டிக்கொண்டார்கள். அந்தக் கத்தரியோடு ராக் கப்பாக் முடிந்தது என்று கதையை முடிக்கத் தோன்றும், கேமராவுக்கு அதைவிடப் பொருத்தமான காட்சி கிடைக்காது. ஆனால் அதே ஆண்டில்தான் கே.ஆர்.யூ. குழு தொடங்கியது, நடனத்தோடு கூடிய பாப் இசை இளையோரை இழுத்தது. 1996-இல் ரைஹான் குழுவின் நஷீத் (இஸ்லாமியப் பக்திப் பாடல்) ஆல்பம் பெரும் விற்பனை கண்டது. உலகெங்கும் நீள்முடி ஹார்ட் ராக்கின் காலம் அந்த ஆண்டுகளில் முடிந்துகொண்டிருந்தது, அங்கெல்லாம் யாரும் கத்தரியோடு போகவில்லை. முடிவெட்டு ஓர் அவமானம், அதைச் சொல்லத்தான் வேண்டும். இசைப்போக்கு மாறியதற்கு அது மட்டுமே காரணம் என்றால் தப்பு.

அப்புறம் பினாங்கு. டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் அறுபதுகளின் இறுதியில் தொடங்கிய அலிகேட்ஸ் குழுவைப் பற்றி நமக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். தமிழ் அண்ணன் தம்பி இருவர் மலாய்ப் பாட்டின் மையத்தில் நின்றார்கள். 1979-இல் வந்த ‘தெரிமா காசி’ ஆல்பத்திலிருந்து அவர்கள் பாடல்கள் மலாய் வீடுகளில் குடும்பப் பாட்டாகவே ஆகிவிட்டன. 2007-இல் லோகநாதன் இறந்தபோது எல்லா இனத்தவரும் வருந்தினார்கள்.

இவர்களைப் பற்றி நாளைக்கு ஒரு படம் எடுத்தால், எல்லாவற்றையும் இவர்களே தொடங்கியதுபோல் எடுக்கும் ஆசை வரும். அப்படி எடுத்தால் இரண்டு உண்மைகள் காணாமல் போகும். ஒன்று, இவர்களுக்கு முந்திய மண். கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸும் 1961-இல் சிங்கப்பூரில் மேடையேறிய பிறகு, கித்தார்க் குழுக்கள் இந்த வட்டாரத்தில் பெருகின. அறுபதுகளின் ‘பாப் யே யே’ என்ற மலாய்க் கித்தார்க் குழுப் பாட்டு அலை அதிலிருந்து எழுந்தது. இரண்டு, பாடல்களுக்குப் பின்னால் இருந்தவர்கள். சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிரும், பாடலாசிரியர் எஸ். அமின் ஷஹாபும் அலிகேட்ஸுக்காகப் பல பாடல்களை உருவாக்கினார்கள். அதே நாசிர்தான் பின்னர் சர்ச் குழுவின் ஒலிப்பதிவுகளிலும் பணிபுரிந்தார். மென்மையான அலிகேட்ஸும் முரட்டு சர்ச்சும் ரசிகர்களுக்கு வெவ்வேறு உலகம், இரண்டுக்கும் பின்னே ஒரே ஆள். ஒரு குழுவை மட்டும் நாயகனாக வைக்கும் படத்தால் இதைக் காட்ட முடியாது.

அலிகேட்ஸின் முக்கியத்துவத்துக்கு ‘முதல்’, ‘எல்லாம்’ என்ற சொற்கள் தேவையில்லை. ஒரு தமிழ்க் குரல், தன் பெயரை மறைக்காமல், மலாய்ப் பாடலில் நாடு முழுவதும் ஏற்கப்பட முடியும் என்று காட்டியதே போதுமான செய்தி.

அடுத்த முறை பார்க்கும்போது

1. பாடல் வந்த தேதியையும் நிகழ்வின் தேதியையும் அருகருகே எழுதிப் பாருங்கள். பாதி மிகைகள் இங்கேயே விழுந்துவிடும்.

2. ‘மாற்றியது’ என்று சொன்னால், யாருடைய எந்தப் பாடலில் மாற்றம் தெரிகிறது என்று கேளுங்கள்.

3. குழுவோடு சம்பந்தமில்லாத ஒருவராவது பேசுகிறாரா என்று பாருங்கள்.

4. இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் தயாரிப்பாளர் யார், குழுவின் மேலாளரோ பதிவு நிறுவனமோ அதில் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

படமே எடுக்க முடியாதவர்கள்

காட்சித் துண்டு இருந்தால்தான் கதை என்று மேலே சொன்னது நம் சமூகத்துக்கு வேறு விதத்தில் வலிக்கிறது. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பட்டர்வொர்த்திலும் கோயில் திருவிழா மேடை, கல்யாண மண்டபம், தோட்டத்து விழா என்று வாசித்த தமிழ் மெல்லிசைக் குழுக்கள் உண்டு. எலெக்ட்ரிக் கித்தாரையும் டிரம்ஸையும் நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் முதலில் நேரில் பார்த்தது அந்த மேடைகளில்தான். அவர்களில் பெரும்பாலோருக்கு ஆல்பம் இல்லை, வீடியோ இல்லை. ஆவணப்படத்தின் கணக்கில் அவர்கள் நடக்கவே இல்லை.

அந்தக் குழுக்களில் வாசித்தவர்கள் பலருக்கு இப்போது எழுபது வயதை ஒட்டி இருக்கும். உங்கள் வீட்டில் அவர்களுடைய கச்சேரிக் கேசட்டோ, மேடையில் எடுத்த படமோ, அச்சடித்த அழைப்பிதழோ இருந்தால், பின்பக்கம் பென்சிலால் ஊர், வருடம், யார் எந்த வாத்தியம் என்று எழுதி வையுங்கள். கேசட்டை ஈரமில்லாத இடத்தில் வைத்து, நாடா ஒட்டிப்போகும் முன் கணினிக்கு மாற்றிவிடுங்கள். பெயர்களை நினைவில் வைத்திருக்கும் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால், இந்த வாரமே போய் உட்கார்ந்து கைப்பேசியில் அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள்.